அர்ஜென்டினாவுக்கு மஞ்சேரியில் இறங்க வேண்டும்

நவம்பர் 21, 2022, திங்கள். மஞ்சேரி

பாலக்காட்டில் ரயிலை விட்டு இறங்கி மலப்புரம் பஸ்ஸைப் பிடித்தேன். மண்ணார்க்காடு வரை சாலை கேரளத்தில்தான் ஓடியது. அதற்கப்புறம் நாடு மாறத் தொடங்கியது. முதலில் ஒரு மின்கம்பத்தில் பிரேசில் கொடி. அடுத்த வளைவில் மாடியிலிருந்து வாசல்வரை தொங்கும் அர்ஜென்டினா. பெரிந்தல்மண்ணை தாண்டியதும் பாலத்துக்கொரு நிறம், டீக்கடைக்கொரு நாடு. ஒரு கோழிக்கடைக்கு மஞ்சளும் பச்சையும் பூசி, உள்ளே தொங்கும் கோழிகளுக்குப் பின்னால் நெய்மாரைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். கத்தாரில் கால்பந்து உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் நேற்றுத்தான் நடந்தது. விருந்து கொடுத்த நாட்டையே ஈக்வடார் இரண்டு கோல் போட்டு அனுப்பிவைத்தது. இங்கே கொண்டாட்டம் எப்போது தொடங்கியது என்று பக்கத்து இருக்கை மாணவரைக் கேட்டேன். "2018-இல் பிரான்ஸ் கோப்பையைத் தூக்கிய மறுநாள்" என்றார்.

கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழராக இருந்தவரின் வீட்டில் தங்கல். மஞ்சேரியிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஊர். நான் கிரிக்கெட்காரன் என்பது அந்தக் காலத்திலிருந்தே அவருக்கு வருத்தம். 1986-இல் தூர்தர்ஷனில் மாரடோனாவைப் பார்த்து ஊரே அர்ஜென்டினாவாக மாறியபோது இவர் மட்டும் பிரேசிலானார். காரணம் கேட்டால் ஜிக்கோ, சாக்ரடீஸ் என்று விரிவாக ஆரம்பிப்பார். உண்மைக் காரணத்தைப் பட்டப்படிப்பு படிக்கும் அவர் மகள் சொன்னாள்: "உப்பாவின் அண்ணன் அர்ஜென்டினா. அப்போது இருவருக்கும் பேச்சு இல்லை." அவள் போர்ச்சுகல். வீட்டுக்குள் யாரோடும் சேராமல் இருக்க அதுதான் வசதி என்கிறாள்.

சாயங்காலம் ஊர் கிளப்புக்கு அழைத்துப்போனார். கேரம் பலகை, செய்தித்தாள் மேசை, வாடகைக்கு எடுத்த பெரிய திரை. பத்துப் பதினைந்து இளைஞர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பஸ்ஸில் வரும்போது கைபேசியில் பார்த்த செய்தி நெஞ்சை முட்டிக்கொண்டிருந்தது. விஜய் ஹசாரே கிரிக்கெட் கோப்பையில் தமிழ்நாடு ஐம்பது ஓவரில் இரண்டே விக்கெட்டுக்கு 506. எங்கள் கோயம்புத்தூரில் பிறந்த ஜெகதீசன் 277. இரண்டுமே உலக சாதனை. சொல்லிவிட்டேன்.

"யாருக்கு எதிராக?" என்று கேட்டான் அர்ஜென்டினாச் சட்டை போட்ட ஒல்லிப் பையன்.

"அருணாசலப் பிரதேசம்."

யாரும் சிரிக்கவில்லை; மரியாதையுள்ள பிள்ளைகள். அவன் மட்டும் ஆறுதலாகச் சொன்னான்: "பரவாயில்லை அண்ணா, நாளைக்கு எங்களுக்கும் அருணாசலப் பிரதேசம்தான். சவுதி அரேபியா."

பிரேசில் தரப்பிலிருந்து ஒரு தாடிக்காரர் எழுந்து, வரிசையாக ஐந்து சதம் அடித்த அந்த ஆளைச் சென்னை ஐபிஎல் அணி போன வாரம் ஏன் விடுவித்தது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "சரி, எங்களுக்கு சஞ்சு, உங்களுக்கு ஜெகதீசன்" என்று ஒரு சாயா வாங்கிக்கொடுத்தார். கேரளத்துக் கிரிக்கெட் வீரர் சஞ்சு சாம்சன் பெயர் வந்ததும் பிரேசில், அர்ஜென்டினா எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டதைக் குறித்துக்கொண்டேன்.

இரவு இங்கிலாந்து ஈரானை 6-2 என்று வென்றது. இந்த ஊரில் இங்கிலாந்துக்கு ஒரே ரசிகர், அங்கே மேற்படிப்புக்குப் போக ஐஇஎல்டிஎஸ் தேர்வு எழுதிக்கொண்டிருப்பவர். "அவர்கள் ஆறு எடுத்துவிட்டார்கள். எனக்கு ஆறரை கிடைத்தால் போதும்" என்று வீட்டுக்குக் கிளம்பினார்.

நவம்பர் 22, செவ்வாய். மஞ்சேரி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். பின்னால் யாராவது மறுப்பார்கள்.

ஆட்டம் பிற்பகல் மூன்றரைக்கு. இரண்டு மணிக்கே கடைகள் பாதிக் கதவை இறக்கிவிட்டன. கிளப்பில் முன்வரிசை அர்ஜென்டினாவுக்கு. அது வழக்கமாம், எந்த அணி ஆடுகிறதோ அந்த அணியின் ஆட்களுக்கு முன்வரிசை. பின்வரிசையில் பிரேசில்காரர்கள் சவுதிக் கொடி ஒன்றோடு அமைதியாக வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கொடி எங்கே கிடைத்தது என்று நான் கேட்கத் தேவையே இல்லை. இந்த ஊரில் வீட்டுக்கொருவர் அந்த நாட்டில் சம்பாதிக்கிறார்.

பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸியின் பெனால்டி. ஒன்று. ஒல்லிப் பையன் திரும்பி என்னைப் பார்த்து, "அருணாசலப் பிரதேசம்" என்றான். அதன்பின் முதல் பாதிக்குள் அர்ஜென்டினா மூன்று தடவை பந்தை வலைக்குள் தள்ளியது. மூன்று தடவையும் ஆஃப்சைடு, கோல் செல்லாது. மூன்று தடவையும் இவர்கள் ஆடி, மூன்று தடவையும் உட்கார்ந்தார்கள். மூன்றாவது தடவை எழும்போது பாதிப் பேர்தான் எழுந்தார்கள்.

இடைவேளை முடிந்து நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் அல் ஷெஹ்ரி ஒன்று அடித்தார். ஐந்து நிமிடத்தில் அல் தவ்சாரி இன்னொன்று. இரண்டு பேரைச் சுற்றிவிட்டு மூலையில் வளைத்தடித்த அந்தப் பந்துக்கு, எந்தக் கொடியும் பிடிக்காத நான் எழுந்து நின்றுவிட்டேன். நண்பர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பிரேசிலாக இருந்தாலும் ஊரில் அவருக்கு மரியாதை முக்கியம். 36 ஆட்டங்களாகத் தோற்காத அணி கடைசி விசில்வரை முட்டிக்கொண்டே இருந்தது. 2-1.

பட்டாசு வெடிக்கும் என்று எதிர்பார்த்தேன். பின்வரிசை அசையவில்லை. தாடிக்காரர் மெல்ல எழுந்து வந்து ஒல்லிப் பையன் தோளில் கைவைத்து, ஆழ்ந்த அனுதாபத்தோடு, "அருணாசலப் பிரதேசம் நன்றாக ஆடியது" என்றார். அப்புறம்தான் பட்டாசு.

ஆனால் அவனை உண்மையில் வீழ்த்தியது தாடிக்காரர் இல்லை. விசில் அடித்த இரண்டாவது நிமிடம் அவன் கைபேசியில் ரியாத்திலிருந்து வீடியோ அழைப்பு. அவன் உப்பா. பின்னால் தெருவெல்லாம் பச்சைக் கொடி, ஒலிப்பான்கள், நடுவில் உப்பா அரபி ஒருவரின் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவரும் 1986-இலிருந்து அர்ஜென்டினாதானாம். "நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்?" என்று பையன் கத்தினான். "கபீல் பக்கத்தில் நிற்கிறார், மோனே. சிரிக்காமல் என்ன செய்ய?" என்றார். கபீல் என்றால் அவருடைய அரபி முதலாளி.

மாலைக்குள் சந்திப்பில் புதிய பலகை வந்துவிட்டது. கறுப்புக் கரை, நடுவில் மெஸ்ஸி, கீழே இப்படி: "சவுதிக்கு வேலை தேடிப் போகிறவர்கள் கவனத்துக்கு: பதினோரு பேர் போனார்கள், கிடைக்கவில்லை." இவ்வளவு விரைவில் எப்படி அச்சடித்தீர்கள் என்று பிரேசில்காரர்களைக் கேட்டேன். "போர்ச்சுகலுக்கும் ஒன்று தயாராக இருக்கிறது. ஜெர்மனிக்கும். எங்களுக்கும் அவர்கள் அடித்து வைத்திருப்பார்கள், எந்த வீட்டில் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்."

இரவு பதினோரு மணி வாக்கில் இன்னொரு செய்தி. ரொனால்டோவும் மான்செஸ்டர் யுனைடெட்டும் பிரிந்துவிட்டார்கள். நண்பரின் மகள் சாப்பாட்டு மேசையில் கையில் அரிசிப் பத்திரியோடு உறைந்துவிட்டாள். பகல் முழுக்க அடி வாங்கிய ஒல்லிப் பையனுக்கு உயிர் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கவலைப்படாதே, உப்பாவிடம் சொல்லிச் சவுதிக்கு ஒரு விசா எடுத்துத் தருகிறேன்" என்றான். அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

நவம்பர் 23, புதன். மஞ்சேரி

சவுதி மன்னர் வெற்றிக்காக இன்று நாடு முழுக்க விடுமுறை விட்டுவிட்டார். தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்து. காலையிலேயே ரியாத்திலிருந்து மறுபடி அழைப்பு; உப்பா படுக்கையில் சாய்ந்தபடி சாவகாசமாகப் பேசினார். "இத்தனை வருடத்தில் மெஸ்ஸியால் எனக்குக் கிடைத்த முதல் நன்மை" என்றாராம்.

பகலில் பையன்கள் பய்யநாடு அரங்கத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்கள். மஞ்சேரி எல்லையில், மேட்டில் இருக்கிறது. இந்த வருடம் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைக் கால்பந்து இங்கேதான் நடந்தது. அரையிறுதியில் கர்நாடகத்தோடு பின்தங்கி நின்றபோது மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜெசின் ஐந்து கோல் அடித்தார், கேரளம் 7-3. இறுதி ஆட்டம் மே 2, பெருநாளுக்கு முந்தின இரவு. கூடுதல் நேரத்தில் வங்காளம் முந்த, முடிய மூன்றே நிமிடம் இருக்கும்போது சஃப்னாத் தலையால் முட்டிச் சமன் செய்ய, பெனால்டியில் 5-4. கேரளத்துக்கு ஏழாவது கோப்பை. சொல்லும்போது தாடிக்காரரும் ஒல்லிப் பையனும் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்தார்கள். யாரும் யாரையும் குத்தவில்லை. "அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனோம்" என்றான் ஒல்லிப் பையன். எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. போலீஸ்காரர்கள் படித்தாலும் படிப்பார்கள்.

அங்கே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்த ஊரில் அர்ஜென்டினா தென் அமெரிக்காவில் இல்லை. பள்ளிவாசலைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் வரும் ஏழெட்டு வீடுகள் அது. பிரேசில், ரேஷன் கடைக்குப் பின்னால். அந்த இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் நடுவில் ஒரு வேலித் தகராறு, ஒரு பழைய கபடிப் போட்டி, யாரோ யாருக்கோ திருப்பித் தராத ஒரு ஜோடி பூட்ஸ் எல்லாம் உண்டு. சண்டைக்கு வெளியூர் அணி. தங்களுடையது என்று வந்துவிட்டால் சண்டை கிடையாது. சந்தோஷ் கோப்பை, ஐஎஸ்எல் கால்பந்து லீகில் ஆடும் கேரள அணியான ப்ளாஸ்டர்ஸ், சஞ்சு: இந்த மூன்றையும் பற்றிக் கேலி பேச வெளியாள் எவனுக்கும் உரிமை இல்லை. நான் முயன்று பார்த்தேன். "எங்கள் சென்னையின் எஃப்சி இரண்டு தடவை ஐஎஸ்எல் கோப்பை வாங்கியிருக்கிறது. ப்ளாஸ்டர்ஸ் மூன்று இறுதி ஆட்டத்தில் தோற்றதைத் தவிர என்ன செய்தது?" என்றேன். தாடிக்காரர் நிதானமாக, "கோப்பை உங்களிடம் இருக்கிறது அண்ணா. பார்க்க ஆள் எங்களிடம் இருக்கிறார்கள்" என்றார்.

திரும்பும் வழியில் அறுவடை முடிந்த வயலில் செவன்ஸ் ஆட்டம். ஏழு பேர் அணி. சீசன் சூடுபிடித்தால் பலகையும் கம்பும் கட்டிய தற்காலிகக் காலரி, விளக்கு வெளிச்சம், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஒவ்வோர் ஊருக்காகவும் ஆடும் வீரர்கள் என்று மே மாதம்வரை போகும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதை அங்கீகரிக்கவில்லை. "நாங்களும் அவர்களை அங்கீகரிக்கவில்லை" என்றார் தாடிக்காரர். "ஃபிஃபா மஞ்சேரி" என்று இங்கே ஒரு செவன்ஸ் அணி பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது. ஜூரிக்கில் இருக்கும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவைவிட இதற்குத்தான் இங்கே மதிப்பு. ஒல்லிப் பையன் வரப்பில் நின்றபடி சோகமாகக் கணக்குப் போட்டான்: "எங்கள் வயலில் ஆஃப்சைடு கிடையாது. நேற்றைய ஆட்டத்தை இங்கே வைத்திருந்தால் 4-2."

உடனே இன்னொரு குரல்: "ஏழு என்ற எண்ணைப் பிரேசிலுக்கு நினைவூட்டும் ஆட்டம் என்பதால்தான் இதற்கு செவன்ஸ் என்று பெயர்." 2014-ஐச் சொல்கிறார்கள். ஜெர்மனியிடம் 7-1. தாடிக்காரர் அசரவில்லை. "எங்கள் கடைசிக் கோப்பைக்கு இருபது வயது. உங்கள் கடைசிக் கோப்பைக்கு மெஸ்ஸியைவிட ஒரு வயது அதிகம்."

சாயங்காலம் ஜெர்மனியை ஜப்பான் 2-1 என்று தோற்கடித்தது. ஊரின் ஒரே ஜெர்மனி ரசிகர் ஒரு பாலிடெக்னிக் மாணவர். 2014-இல் பிரேசிலை நொறுக்கியதற்காக அர்ஜென்டினா வீடுகளில் அவருக்குச் சாப்பாடு உண்டு. இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவை வென்றதற்காகப் பிரேசில் வீடுகளிலும் உண்டு. ஆட்டத்துக்கு முன் ஜெர்மானிய வீரர்கள் ஃபிஃபாவைக் கண்டித்து வாயைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தார்கள். முடிந்ததும் இவரும் அதேபோல் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். இரவு எந்த வீட்டிலிருந்தும் அவருக்கு அழைப்பு வரவில்லை என்று கேள்வி.

நவம்பர் 24, வியாழன். கோழிக்கோடு

எழுதும்போது விடிகாலை மூன்று தாண்டிவிட்டது. கையெழுத்தாக இருந்தால் படிக்க முடியாது.

நண்பரின் காரில் புறப்பட்டோம். அவர், மகள், நான், பின்னால் ஒல்லிப் பையன். "துக்க வீட்டிலிருந்து வெளியே கூட்டிப்போனால் நல்லது" என்று அவன் உம்மாவே அனுப்பிவைத்தார். அரீக்கோடு வழியாகச் சாலியாற்றை ஒட்டிப் பாதை. இந்தியாவுக்கு ஆடிய ஷரஃப் அலியின் ஊர். கடைத்தெருவில் காய்கறி வண்டிக்காரர்கூட எடை போடும்போது பந்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

புள்ளாவூர் போய்ச் சேரும்போது உச்சிவெயில். ஆற்றில் ரசிகர்கள் நிறுத்திய கட்அவுட்கள்; உலகம் முழுக்கச் சுற்றிய படம், ஃபிஃபாவே பகிர்ந்தது. நேரில் பார்த்தால் ஆறு சின்னதாகவும் ஆட்கள் பெரிதாகவும் இருக்கிறார்கள். ஆற்றின் நடுத்திட்டில் மெஸ்ஸி, முப்பது அடி. கரையில் நெய்மார், நாற்பது. அப்புறம் ரொனால்டோ, நாற்பத்தைந்துக்குக் குறையாது. இந்த உயர வரிசைக்கு ஆட்டத்திறமையோடு சம்பந்தமில்லை. யார் கடைசியாக வந்தாரோ அவர் உயரம். எம்பாப்பேக்கு ஆள் சேர்ந்தால் தென்னைமரம் போதாது.

ஆற்றோட்டத்தைத் தடுக்கிறது என்று புகார் போய், ஆறு யார் எல்லைக்குள் வருகிறது என்ற கேள்வி எழுந்து, கடைசியில் கொடுவள்ளி நகராட்சி படங்களை அகற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டது. செல்பி எடுத்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பிரேசில் பையன் ஒருவனிடம் இதைக் கேட்டேன். "தடுக்கிறது என்பது உண்மைதான். இந்த உலகக் கோப்பையில் மெஸ்ஸி தடுத்து நிறுத்தியது இந்த ஆற்றுநீரை மட்டும்தான்." எங்கள் ஒல்லிப் பையன் ஒன்றும் சொல்லாமல் பாலத்தின் அந்த முனைவரை நடந்துபோய்த் திரும்பி வந்தான். வந்ததும் நெய்மாரின் படத்தைக் காட்டி, "இவர் மட்டும் எப்படி இத்தனை நாள் விழாமல் நிற்கிறார்?" என்று கேட்டான். குணமாகிவிட்டான் என்று நண்பர் நிம்மதியடைந்தார்.

கோழிக்கோட்டில் நண்பரின் தங்கை வீடு. இரவு நைனாம்வளப்பு. கடலோரக் குடியிருப்பு, கால்பந்துப் பித்துக்காகவே பெயர் வாங்கிய இடம். சந்துகளுக்கு மேலே கொடிகள் பந்தலாக வேய்ந்திருக்க, கீழே நடக்கும்போது முகமெல்லாம் நிறம் மாறுகிறது.

முதலில் போர்ச்சுகல்-கானா. ஒல்லிப் பையன் கானாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டான். ரொனால்டோவின் பெனால்டி உள்ளே போனது. ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் அடித்த முதல் ஆண் வீரர். "வேலையில்லாதவர் இவ்வளவு உழைப்பது நல்லதில்லை, பழகிவிடும்" என்றான். அதன்பின் கோல்கள் கொட்டின. கானாவின் புகாரி கோல் போட்டுவிட்டு ரொனால்டோ குதிப்பதைப்போலவே குதித்துக் காட்டினார். நண்பரின் மகள் எழுந்துநின்று திரையிடம் ஏதோ சொன்னாள், அச்சில் வராது. 3-2. கடைசி நொடியில் போர்ச்சுகல் கோல்கீப்பர் பந்தைக் கீழே போட்டு உருட்ட, முதுகுக்குப் பின்னால் இன்யாகி வில்லியம்ஸ் பதுங்கி நின்றதை அவர் ஒருவரைத் தவிர உலகமே பார்த்தது. பாய்ந்து வந்தவர் வழுக்கிவிட்டார். "வழுக்கியது வில்லியம்ஸ் இல்லை, என் நோன்பு" என்றாள். மூன்று நோன்பு நேர்ந்துகொண்டாளாம்.

அவளைப் பற்றி இன்னொன்றும் எழுத வேண்டும். ரொனால்டோ மயக்கம் ஒரு பக்கம் இருக்க, உள்ளூர்ப் பெண்கள் கால்பந்தைப் பற்றி அவளிடம் பேசினால் குரலே மாறுகிறது. கோகுலம் கேரளா பெண்கள் அணி இந்தியச் சாம்பியன். இந்த ஆகஸ்டில் ஆசியக் கிளப் சாம்பியன்ஷிப் ஆட அவர்கள் டாஷ்கெண்ட் போய் இறங்கியபோது, இந்தியக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்துவிட்டது. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் திரும்பினார்கள். "ஆண்கள் நிர்வாகத்தில் அடித்த ஆஃப்சைடுக்குப் பெண்களுக்குச் சிவப்பு அட்டை. அங்கிள், இதைச் சிரிப்பாக எழுதாதீர்கள்" என்றாள்.

பன்னிரண்டரைக்குப் பிரேசில். கூட்டம் கடல்வரை. செர்பியா ஒரு மணி நேரம் தாங்கியது. 62-இல் ரிச்சார்லிசன். 73-இல் அவரே, பந்தை இடதுகாலால் மேலே தூக்கி, உடம்பைத் திருப்பி, காற்றிலேயே கத்தரித்து அடித்த அந்தக் கோல். ஐம்பது வயது நண்பர் எவரோ முன்பின் தெரியாத மீன்பிடிப் பையனின் முதுகில் ஏறிவிட்டார். ஒல்லிப் பையன் கைதட்டினான். பார்த்துவிட்டேன். "கொசு" என்றான்.

நெய்மார் கணுக்காலைப் பிடித்தபடி வெளியேறினார். ஒன்பது தடவை இடறப்பட்டவர். பிரேசில் கூட்டத்துக்குள்ளிருந்தே ஒரு குரல்: "2018 உலகக் கோப்பையில் தரையில் உருண்டதற்கான தவணையை இப்போது கட்டுகிறார்." சொன்னவரின் கண் கலங்கியிருந்தது.

நவம்பர் 25, வெள்ளி. கோழிக்கோடு

தூக்கம். காலை ஏழுக்கு நியூசிலாந்தில் இந்தியாவின் முதல் ஒருநாள் ஆட்டம். சஞ்சு அணியில் இருக்கிறார் என்று ஒல்லிப் பையன் நாலு மணி நேரத் தூக்கத்தில் எழுந்துவிட்டான். 36 எடுத்தார். இந்தியா 306 எடுத்தும் லேதம் 145 அடித்து ஏழு விக்கெட்டில் தோற்கடித்தார். பந்துவீச்சைத் திட்டி முடித்து எல்லோரும் மறுபடி படுத்தார்கள். பதினைந்து நாள் முன்பு டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தின் பட்லரும் ஹேல்ஸும் விக்கெட்டே கொடுக்காமல் 170 அடித்ததை நினைவூட்டி, "அது சஞ்சு இல்லாததால், இது சஞ்சு இருந்தும்" என்று நான் சொன்னதற்கு வீட்டில் எனக்குச் சுலைமானி தேநீர் வரத் தாமதமாயிற்று.

மிட்டாய்த்தெருவில் அல்வா. இங்கிலாந்தும் அமெரிக்காவும் 0-0. ஐஇஎல்டிஎஸ் நண்பருக்கு யாரோ "எழுத்துத்தேர்வில் பூஜ்யம்" என்று அனுப்பியிருக்கிறார்கள்.

நவம்பர் 26, சனி. மஞ்சேரி

ஊர் திரும்பிவிட்டோம். இன்று இரவு பன்னிரண்டரைக்கு அர்ஜென்டினா-மெக்சிகோ. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பள்ளிவாசல் பக்கத்து வீடுகளில் பேச்சு குறைந்துவிட்டது. மதியம் சந்திப்புப் பக்கம் போனேன். தாடிக்காரர் குழு பலகைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தது. என்ன எழுதப்போகிறீர்கள் என்றால், "வென்றால் ஒன்று, தோற்றால் ஒன்று. வாசகம் ஒன்றுதான், படத்தில் முகம் மட்டும் மாறும்."

எர்ணாகுளம் பக்கம் பதினேழு ரசிகர்கள் சேர்ந்து, ஆட்டம் பார்ப்பதற்கென்றே 23 லட்சம் ரூபாய்க்கு வீடும் நிலமும் வாங்கிவிட்ட செய்தியைப் பற்றிக் கிளப்பில் விவாதம். பெரும்பாலோர் மெச்சினார்கள். பாலிடெக்னிக் ஜெர்மனி மட்டும், "பதினேழு பேர், பல நாடு, ஒரே கழிப்பறை. தீர்ப்பு நீதிமன்றத்தில்தான்" என்றார். வாய் திறந்துவிட்டார் என்பதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மாலை ஆறரைக்குப் போலந்து-சவுதி பெரிய திரையில். ஏழரைக்கு ப்ளாஸ்டர்ஸ்-ஹைதராபாத் பக்கத்தில் ஒரு மடிக்கணினியில். போன மார்ச்சில் இறுதி ஆட்டத்தில் பெனால்டியில் கோப்பையைப் பறித்த அதே ஹைதராபாத். அர்ஜென்டினாப் பையன்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய் மஞ்சள் சட்டையில் வந்தார்கள். "பிரேசில் நிறம் நன்றாகப் பொருந்துகிறது" என்று தாடிக்காரர் தொடங்கினார். "இது மஞ்சள் இல்லை, ப்ளாஸ்டர்ஸ்" என்று ஒரே குரலில் பதில். டயமண்டாகோஸ் 18-வது நிமிடத்தில் கோல் போட்டதும் மடிக்கணினி இருந்த மேசை கவிழ்ந்தது. யார் எந்தத் தெரு என்று அந்தக் குவியலில் பிரிக்க முடியவில்லை. 1-0. பெரிய திரையில் போலந்து இரண்டு கோலில் சவுதியை வென்றது; ரியாத்துக்கு ஒல்லிப் பையன்தான் அழைத்தான், உப்பா எடுக்கவில்லை. கபீல் வீட்டில் இருப்பாராம்.

இந்தியா எப்போது உலகக் கோப்பைக்குப் போகும் என்ற பேச்சு இந்த இடைவெளியில் வந்தது. அன்றைக்கு இந்தக் கொடிகளையெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பத்திரமாக மடித்து வைப்போம். முதல் சுற்று முடிந்ததும் வேண்டுமே" என்றார் தாடிக்காரர். ஒல்லிப் பையனுக்கு அது பிடிக்கவில்லை. "அனஸ் ஆட்டோ ஓட்டிக்கொண்டே இந்திய அணிக்குப் போனார். உங்கள் நெய்மார் எதை ஓட்டினார்?" என்றான். கொண்டோட்டியில் பிறந்த அனஸ் எடத்தொடிகாவை இங்கே எல்லோருக்கும் தெரியும்; தாடிக்காரர் மறுபேச்சில்லாமல் தலையசைத்தார்.

நள்ளிரவு. முதல் பாதியில் ஒன்றுமில்லை. இவ்வளவு மோசமான ஆட்டத்தை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். 64-வது நிமிடம் மெஸ்ஸி எல்லைக்கு வெளியிலிருந்து இடதுகாலால் தரையோடு தரையாக அடித்தார். பக்கத்து வீட்டு ஆடுகள் எழுந்துவிட்டன. 87-இல் என்சோ. 2-0. ஒல்லிப் பையன் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கிரிக்கெட்காரனாக இருந்தாலும் என்னை மன்னிப்பதாகச் சொன்னான். பின்வரிசையிலிருந்து தாடிக்காரர் கைகுலுக்க வந்து, "மெக்சிகோ நாகாலாந்து அளவுக்கு ஆடியது" என்றார்.

நவம்பர் 27, ஞாயிறு. பாலக்காடு செல்லும் பஸ்ஸில்

மூன்று மணிக்குப் படுத்தவர்கள் ஆறரைக்கு எழுந்துவிட்டார்கள். ஹாமில்டனில் இரண்டாவது ஒருநாள் ஆட்டம், டாஸ். இந்தியா அணியைப் படித்தார்கள். சஞ்சு இல்லை. அவர் இடத்தில் தீபக் ஹூடா.

இந்த ஊரில் நான் பார்த்த மிகப்பெரிய ஒற்றுமை அடுத்த அரை மணி நேரத்தில் நடந்தது. ரேஷன் கடைத் தெருவும் பள்ளிவாசல் தெருவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து தேர்வாளர்களைத் திட்டின. மூன்று மாதமாகப் பேசாதிருந்த இருவர், ஒருவர் தொடங்கிய வசவை மற்றவர் முடித்துவைக்கும் அளவுக்கு நெருங்கினார்கள். பந்துவீச ஒரு கூடுதல் ஆள் தேவைப்பட்டதால் மாற்றியிருக்கலாம் என்று நான் சொல்லிப்பார்த்தேன்; முப்பத்தாறு எடுத்தவரை ஏன் என்று திருப்பிக் கேட்டார்கள். ஏன் என்று எனக்கும்தான் தெரியவில்லை. கத்தார் அரங்குகளில் சஞ்சுவின் படம் போட்ட பதாகையை நம் ஆட்கள் பிடித்துக்கொண்டிருக்கும் படங்கள் கைபேசிகளில் வந்தபடி இருந்தன. கால்பந்து உலகக் கோப்பையில் கிரிக்கெட் அணித்தேர்வுக்குக் கண்டனம். இதைச் செய்ய இந்த மக்களால்தான் முடியும்.

பஸ் ஏற்றிவிட எல்லோரும் வந்தார்கள். நண்பரின் மகள் நோன்பில் இருந்தாள், முதல் தவணை. நாளை பிரேசிலுக்கு சுவிட்சர்லாந்து, போர்ச்சுகலுக்கு உருகுவே. அதற்குள் போகிறீர்களே என்று எல்லோருக்கும் குறை. பெரிந்தல்மண்ணை தாண்டும்போது ஒல்லிப் பையனிடமிருந்து செய்தி வந்தது. ஹாமில்டனில் பதின்மூன்று ஓவர்கூட முடியாமல் மழை கொட்டி, ஆட்டம் ரத்தாகிவிட்டது. கீழே எழுதியிருந்தான்: "அந்த மைதானத்தில் கிரிக்கெட் தெரிந்தது மழைக்கு மட்டும்தான் அண்ணா."